உருகிய ஈயமும் மெல்லிய பூச்சும்

பினாங்கின் பழம்பெருமையைப் பேசுவோர் மிளகையும் கிராம்பையும் துறைமுகத்தையும் முதலிற் கூறுவர். ஈயத்தைக் கூறுவோர் சிலரே. தீவில் பெரிய ஈயச் சுரங்கம் எதுவும் இருந்ததில்லை. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் லாருட் பகுதியிலும் தோண்டிக் கழுவியெடுத்த ஈயமணல் இங்கு வந்தே உலோகமாயிற்று. 1902ஆம் ஆண்டில் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் ஓர் உருக்காலையை நிறுவியது. 1907இல் உருவான ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் நிறுவனம் ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமாட் சாலையில் மற்றோர் உருக்காலையை நடத்தியது. 1984இல் கோலாலம்பூர் ஈயச் சந்தை தொடங்கும்வரை, உலக வணிகர் உற்றுக் கேட்ட ஈய விலைகளுள் பினாங்கு விலையும் ஒன்றாக இருந்தது.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடன்சுமை தாளாது சரிந்தது. ஈயத்தின் விலையும் உடன் சரிந்தது. பேராக்கின் ஈய லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவற்றை நம்பி வாழ்ந்தோர் வேறு வேலை தேடிப் பிரிந்தனர். டத்தோ கிராமாட் சாலையின் உலையும் காலப்போக்கில் அவிந்தது. அந்நிலத்தில் இன்று வணிக வளாகம் எழுந்துள்ளது. அங்குப் பொருள் வாங்கச் செல்லும் இளைஞருக்கு, தம் காலடி மண்ணில் உலோகம் ஆறாக ஓடிய செய்தி தெரியாது.

உலை மறைந்தது உண்மை. ஆயினும், உலைக்குள் நிகழ்ந்த இயற்பியல் பினாங்கை விட்டு மறையவில்லை. உருகிய பொருளின் உள்ளே ஓடும் ஓட்டம் ஒன்று; பொருளின் மேலே படியும் மெல்லிய படலம் மற்றொன்று. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் வாழ்வு இவ்விரண்டையும் பற்றியே நிற்கிறது. இவை அயல்மொழியில் மட்டுமே சொல்லத்தக்கவை என்று கருதுவோர் தமிழாசிரியரிடையேயும் உண்டு. அக்கருத்து சரியா என்பதை ஈயத்தைக் கொண்டே ஆராய்ந்து பார்க்கலாம்.

ஒரு பெயர், இரு உலோகங்கள்

தமிழ் மரபு ஈயத்தை வெள்ளீயம் என்றும் காரீயம் என்றும் பிரித்தது. பழைய இலத்தீன் மொழியும் இவ்விரு உலோகங்களை ஒரே பெயரால் அழைத்து, வெண்மை, கருமை என்னும் அடைகளால் வேறுபடுத்தியது. மலாயா மண் தந்தது வெள்ளீயம். அது 232 பாகை செல்சியசில் உருகிவிடும். இரும்பு உருகுவதற்கு 1,500 பாகைக்கு மேல் வேண்டும் என்பதை நோக்கினால், வெள்ளீயத்தின் எளிமை விளங்கும். சமையலறை அடுப்பின் வெப்பமே அதற்குப் போதுமானது.

இவ்வெளிமையினாலேயே அது வீதிக்கு வந்தது. பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய உணவு உடலுக்குத் தீங்கு. ஆதலின், ஈயம் பூசுவோர் துருத்தியும் கரியும் கொண்டு தெருத்தெருவாக வந்தனர். பாத்திரத்தைத் தணலில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயக்குச்சியால் தீற்றி, பஞ்சினால் விரைந்து துடைப்பர். வெண்புகை எழுந்து அடங்கும்முன் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளிபோல் ஒளிரும்.

இத்தொழிலில் இயற்பியலின் இரு பாடங்கள் அடங்கியிருந்தன. உருகிய ஈயம், அழுக்கும் ஆக்சைடும் படிந்த பித்தளைமேல் பரவாமல் துளித்துளியாக உருண்டு நிற்கும். நவச்சாரம் அவ்வாக்சைடுத் தோலைக் கரைத்து நீக்கியபின் அது தானே பரவும். ஒரு நீர்மம் ஒரு பரப்பில் பரவுவதும் உருள்வதும் பரப்பு விசைகளைப் பொறுத்தவை என்பது முதற்பாடம். உணவைக் காக்கத் தடித்த சுவர் வேண்டியதில்லை, இடைவெளியற்ற மெல்லிய பூச்சே போதும் என்பது இரண்டாம் பாடம். ஈயம் பூசியவர் இவற்றை நூலாக எழுதவில்லை, கையினால் அறிந்திருந்தார்.

உள்ளோட்டம்

உலைநீரில் அரிசி மேலெழுந்து கீழிறங்குவதைக் காணாத தமிழ்க் குழந்தை இல்லை. அடியில் சூடேறிய நீர் விரிந்து இலேசாகி மேலே செல்கிறது; மேலே குளிர்ந்த நீர் கனத்துக் கீழே வருகிறது. இதனையே பள்ளிநூல் வெப்பச்சலனம் என்கிறது. கேட்பதற்கு இது எளிய செய்தி. எனினும், இதனை ஒழுங்காக அளந்து ஆராயும் முயற்சி 1900ஆம் ஆண்டில்தான் பெரும்பயன் தந்தது. பிரான்சு நாட்டு அறிஞர் ஆன்ரி பெனார், திமிங்கிலத்திலிருந்து எடுக்கும் மெழுகை மிக மெல்லிய அடுக்காக உருக்கி அடியில் சூடேற்றினார். உருகிய மெழுகு தாறுமாறாகக் கலங்கவில்லை. தேனடை போன்ற அறுகோண அறைகளாகத் தன்னைத்தானே பிரித்துக்கொண்டது. ஒவ்வோர் அறையின் நடுவிலும் மெழுகு மேலெழுந்து, ஓரங்களில் கீழிறங்கியது.

1916இல் இங்கிலாந்தின் ரேலி பிரபு, சூடேறிய அடிப்பகுதி இலேசாகி மிதப்பதே ஓட்டத்தின் காரணம் என்று கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்கு பிழையற்றது. ஆனால் பெனாரின் மெல்லிய மெழுகிற்கு அது பொருந்தவில்லை என்பது 1950களில் தெளிவாயிற்று. அங்கு ஓட்டத்தை உண்டாக்கியது மிதப்பு அன்று, பரப்பு இழுவிசை. நீர்மத்தின் மேற்பரப்பில் சூடான இடத்தின் இழுவிசை குறையும். குளிர்ந்த இடத்தின் இழுவிசை மிகும். வலிமை மிக்க பக்கம் வலிமை குன்றிய பக்கத்தை இழுக்க, மேற்பரப்பே ஓடத் தொடங்குகிறது. இத்தாலிய அறிஞர் மாரங்கோனி 1865இலேயே இத்தகைய இழுப்பை ஆராய்ந்தமையால், இவ்வோட்டத்திற்கு அவர் பெயரே வழங்குகிறது.

ஆக, உருகிய பொருளைக் கலக்கும் கைகள் இரண்டு. ஒன்று அடியிலிருந்து தள்ளும் கை. மற்றொன்று மேற்பரப்பில் இழுக்கும் கை. எந்த ஓட்டத்தில் எந்தக் கை வலியது என்பதே ஆய்வாளரை வாட்டிய வினா. உலோகத்தில் அவ்வினா மேலும் கடினமாகிறது. நீரில் மைத்துளி இட்டால் ஓட்டம் தெரியும். உருகிய உலோகமோ ஒளியை உள்ளே விடாது. கண்ணாடிபோல் மேலே மின்னிக்கொண்டு, உள்ளே நிகழ்வதை முற்றும் மறைத்துக்கொள்ளும்.

பேனா எழுதிய படிகம்

இவ்வினா ஏட்டளவில் நில்லாமல் தொழிலுக்கு வந்தது வெள்ளீயத்தின் வழியே. 1916ஆம் ஆண்டு, பெர்லின் நகரம். போலந்து நாட்டவரான யான் சொக்ரால்ஸ்கி என்னும் உலோகவியலர் ஆய்வுக்கூடத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். மைக்கூட்டில் தோய்க்க வேண்டிய பேனாவை, சிந்தனை வயப்பட்டு, அருகில் ஆறிக்கொண்டிருந்த உருகிய ஈயக் குகையில் தோய்த்துவிட்டார் என்பர். வெளியே எடுத்தபோது பேனா முனையிலிருந்து மெல்லிய உலோக இழை ஒன்று தொங்கியது. ஆராய்ந்தபோது, அவ்விழை அணுக்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் அமைந்த ஒற்றைப் படிகம் என அறிந்தார். பேனாவைப் பிழையாகத் தோய்த்தவர் பலர் இருந்திருக்கக்கூடும். ஒட்டிவந்த இழையை உதறிவிடாமல் ஆராய்ந்தமையே அவர் சிறப்பு.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கோர்டன் டீல் முதலியோர் அம்முறையால் ஜெர்மேனியத்தையும், அடுத்துச் சிலிக்கனையும் படிகமாக இழுத்தனர். இன்றும் கணினிச் சில்லுகளுக்கான சிலிக்கனின் பெரும்பகுதி இம்முறையிலேயே உருவாகிறது. 1,414 பாகையில் உருகிய சிலிக்கனில் ஒரு சிறு விதைப்படிகத்தைத் தொடவிட்டு, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுப்பர். 300 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருளையாக அது வளரும். பின் தகடுகளாக அறுபடும்.

அப்படிகங்களில் ஒரு குறை தென்பட்டது. மரத்தின் வளையங்கள்போல, கலப்புப்பொருள் செறிந்தும் குறைந்தும் பட்டை பட்டையாகப் படிந்திருந்தது. 1966இல் ஹர்ல் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், உருகிய உலோகத்தின் வெப்பநிலை நாடித்துடிப்புப்போல் ஏறியிறங்குவதை அளந்து, அத்துடிப்பே பட்டைகளின் காரணம் என்று காட்டினார். கண்ணுக்குப் புலப்படாத ஓட்டத்தை வெப்பமானியின் துடிப்பு காட்டிக்கொடுத்தது. இத்தகைய சோதனைகளுக்குக் காலியம் என்னும் உலோகம் பெரிதும் பயன்பட்டது. அது 30 பாகைக்குச் சற்றுக் குறைவிலேயே உருகும். பினாங்கின் நண்பகலில் தானே உருகிவிடும். அதே 1966இல் அமெரிக்காவில் யூடெக், ஃபிளெமிங்ஸ் இருவரும் உருகிய பொருளைக் காந்தப்புலத்தில் வைத்துப் படிகம் வளர்த்தனர். மின்கடத்தும் நீர்மம் காந்தப்புலத்தில் ஓடினால், அதனுள் மின்னோட்டம் பிறந்து அந்த ஓட்டத்தையே தடுக்கும். அவ்வாறே துடிப்பு அடங்கியது, பட்டைகளும் மறைந்தன.

பூச்சு தந்த விடை

தள்ளும் கையை முற்றிலும் நீக்கிப் பார்க்க வேண்டுமாயின், எடையே இல்லாத இடத்திற்குச் செல்ல வேண்டும். 1973இல் விண்ணில் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையத்தில் அது கைகூடியது. அங்கு வளர்ந்த இந்தியம் ஆண்டிமனைடுப் படிகத்தில் கலப்புப்பொருள் ஒரே சீராகப் படிந்திருந்தது. வழக்கு முடிந்தது என்று பலரும் எண்ணியிருப்பர்.

ஆனால் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகர ஆய்வாளர் 1985இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. அவர்கள் சிலிக்கன் தண்டின் நடுப்பகுதியை மட்டும், எக்கலத்திலும் படாமல், திறந்த பரப்புடன் உருக்கினர். ஆய்வு ஏவுகணையில் எடையற்ற நிலையில் செய்தும் பட்டைகள் தோன்றின! தள்ளும் கை அங்கில்லை. அப்படியாயின், மேற்பரப்பில் இழுக்கும் கையே குற்றவாளி. அதனையும் எவ்வாறு கட்டுவது? உருகிய சிலிக்கனின் மேற்பரப்பை மெல்லிய ஆக்சைடுப் படலத்தால் போர்த்தினர். பரப்பு அசைய இயலாது போயிற்று, இழுப்பு நின்றது, பட்டையற்ற படிகம் கிடைத்தது.

இச்சோதனையின் அழகை ஆசிரியர் மாணவருக்கு எடுத்துக்காட்டத் தவறலாகாது. இரு காரணங்கள் பின்னிக் கிடந்தபோது, ஒன்றை நீக்கிப் பார்த்தனர், குற்றம் எஞ்சியது. பின் மற்றொன்றையும் நீக்கினர், குற்றம் மறைந்தது. அறிவியல் ஆய்வின் இலக்கணம் இதுவே. மேலும், ஈயம் பூசியவர் நவச்சாரத்தால் ஆக்சைடுத் தோலை நீக்கி உலோகத்தைப் பரவச் செய்தார். ஃபிரைபர்க் ஆய்வாளர் ஆக்சைடுத் தோலைப் போர்த்தி உலோகத்தை அடங்கச் செய்தனர். செயல்கள் எதிரெதிர், அவற்றின் பின்னிற்கும் உண்மை ஒன்று. உருகிய பொருளின் நடத்தையை அதன் மேற்றோல் ஆள்கிறது.

மெலிதினும் மெலிது

பூச்சின் வரலாறும் மலாயாவைத் தொட்டே செல்கிறது. 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகரக் குவளையில் உணவடைக்கும் உரிமம் பெற்றார். தகரம் எனப்படுவது ஈயம் பூசிய இரும்புத் தகடே. நெடுங்காலம் இரும்பை உருகிய ஈயத்தில் தோய்த்தே பூசினர். இரண்டாம் உலகப்போரில் சப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது, மேலைநாடுகளுக்கு ஈயவரவு அறுந்தது. அத்தட்டுப்பாட்டினால், மின்னாற்றலைக் கொண்டு மிக மெலிதாகப் பூசும் முறை அமெரிக்காவில் விரைந்து பரவியது. இன்று கெட்டிப்பால் டின் முதலியவற்றில் உள்ள ஈயப்பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும், குறைந்த கனமே உடையது. தலைமயிர் அதனினும் ஐம்பது மடங்குக்கு மேல் தடித்தது.

காப்பதற்கென்று பிறந்த பூச்சு, பின்னர் வேலை செய்யவும் கற்றுக்கொண்டது. இந்தியம் ஆக்சைடுடன் சிறிதளவு ஈய ஆக்சைடு கலந்து, நூறு நானோமீட்டர் அளவில் கண்ணாடிமேல் படியவைத்தால், அப்படலம் ஒளியையும் உள்ளே விடும், மின்சாரத்தையும் கடத்தும். ஒளி புகுவது மின்கடத்தாது, மின்கடத்துவதில் ஒளி புகாது என்னும் பொதுவழக்கை அது மீறியது. கைப்பேசியின் தொடுதிரை விரலின் தீண்டலை அறிவது இத்தகைய படலத்தால். பினாங்கிற்கு அண்மையில், கெடா மாநிலத்துக் கூலிமில் உள்ள ஃபர்ஸ்ட் சோலார் ஆலையில் உருவாகும் சூரியத் தகடுகளிலும், ஈய ஆக்சைடு பூசிய கண்ணாடிமேல் சில மைக்ரான் கனமுள்ள காட்மியம் டெலுரைடுப் படலம் படிந்தே கதிரொளி மின்னாகிறது.

1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியதும், அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் அங்கு ஆலை அமைத்ததும் பலரறிந்தவை. வேறு நாடுகளில் வளர்த்து அறுத்த சிலிக்கன் தகடுகள் இங்கு வந்து சில்லுகளாகப் பிரிக்கப்பட்டு, பொதியப்பட்டு, சோதிக்கப்பட்டன. மின்னணுப் பலகையில் உறுப்புகளைப் பற்றவைக்கும் பற்றாசின் முதற்பொருளும் வெள்ளீயமே. முன்பு அதில் காரீயம் கலந்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் காரீயத்தைப் பெரும்பாலும் விலக்கியதால், வெள்ளியும் செம்பும் சிறிதளவு சேர்ந்த ஈயம் அதன் இடத்தைப் பெற்றது. உருகுநிலை 183 பாகையிலிருந்து 217 பாகைக்கு உயர்ந்தது. மலாயா மண்ணின் பழைய உலோகம் இவ்வாறு புதிய ஆலைக்குள்ளும் உருகி ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வாலைகளில் வேலை செய்வோரின் பிள்ளைகள் பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளிலும் பயில்கின்றனர்.

சொல்லும் செயலும்

2003ஆம் ஆண்டு முதல் மலேசியப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016இல் தொடங்கிய இருமொழிப் பாடத்திட்டத்தை ஒட்டித் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய வாதம் மீண்டும் எழுந்தது. ஆங்கிலம் வேண்டாம் என்று கூறும் அறிவுடையோர் இலர். ஆனால், தமிழில் அறிவியல் இயலாது என்னும் எண்ணம் குழந்தையின் உள்ளத்தில் விழுமாயின், அது மொழிக்கு மட்டும் இழப்பன்று. தன் வீட்டில், தன் தெருவில், தன் பெற்றோரின் கையில் இருப்பது அறிவே அன்று என அக்குழந்தை முடிவு செய்துவிடும். அவ்விழப்பை எந்தப் பாடத்திட்டமும் ஈடுசெய்யாது.

அதே வேளையில், மறுபக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. வெப்பச்சலனம் என்னும் கலைச்சொல்லை எழுத்துப்பிழையின்றி எழுதிய மாணவன் அதனை அறிந்தவனாகிவிடான். சொல்லை மனப்பாடம் செய்வித்து, வரையறையை ஒப்புவிக்கக் கேட்டு, மதிப்பெண் இட்டு முடிக்கும் வகுப்பில் தமிழும் தோற்கிறது, அறிவியலும் தோற்கிறது. பெனாரும் சொக்ரால்ஸ்கியும் வரையறையில் தொடங்கவில்லை; கண்டதில் தொடங்கினர்.

வகுப்பறையில் உலோகத்தை உருக்க வேண்டியதில்லை. சிறுவர் கையில் அது ஆபத்து. கண்ணாடிக் குவளை நீரின் அடியில் ஒரு துளி வண்ணமிட்டு மெல்லச் சூடேற்றினால் தள்ளும் கை தெரியும். தட்டு நீரில் மிளகுத்தூள் தூவி, நடுவில் சவர்க்காரம் தொட்ட விரலை வைத்தால், தூள் ஓரத்திற்கு ஓடும். அங்கு இழுக்கும் கை தெரியும். அலுமினியக் குழாயினுள் காந்தத்தை விட்டால், அது தயங்கித் தயங்கி இறங்கும். உருகிய படிகத்தைக் காந்தம் அடக்கிய வகை அதனால் விளங்கும். மழைநாளில் சாலை நீரில் மிதக்கும் எண்ணெயின் வானவில் நிறங்கள், ஒளியலையின் அளவேயான படலத்தைக் கண்ணுக்குக் காட்டும். இவற்றிற்கு ஆகும் செலவு சில வெள்ளிகளே.

உயர்கல்விக்கும் வழி அடைபட்டதன்று. 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தீவிலேயே உள்ளது. அதன் இயற்பியல் துறையினர் ஒளியுமிழும் காலியம் நைட்ரைடுப் படலங்களை ஆய்ந்து வருகின்றனர். தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் 1982இல் படிக வளர்ச்சிக்கென்றே தனி மையம் நிறுவியது. அத்தகைய கூடங்களின் வாயிலில் நிற்கப்போகும் மாணவனுக்கு ஆங்கிலமும் மலாயும் வேண்டும். கணிதம் மிகவும் வேண்டும். அவற்றிற்கெல்லாம் முன்பாக, கண்டதைக் கேள்வியாக்கும் துணிவு வேண்டும். அத்துணிவு தாய்மொழியில் எளிதில் முளைக்கும்; அதனை முளைக்கச் செய்வது ஆசிரியர் கடன்.

வெள்ளீயக் கோலை வளைத்தால் அதனுள் படிகங்கள் இரட்டைப் படிகங்களாகத் திடீரென உருமாறி மெல்லிய முனகல் ஒலி எழும். ஈயத்தின் அழுகை என்று உலோகவியலர் அதனைச் சொல்வர். காதருகே வைத்து வளைத்துப் பார்ப்பவருக்கே அது கேட்கும்.